தளரொளி

தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளி அலைநீளம் கூடி வருவதற்குப் பிரபஞ்சம் விரிவது காரணமல்ல, வழியில் ஒளி ஆற்றலை இழப்பதே காரணம் என்ற கருதுகோளுக்கு ஆங்கிலத்தில் 'டயர்டு லைட்' என்று பெயர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'களைத்த ஒளி' கிடைக்கும். அது பொருந்தாது. களைத்தவர் நடை மெதுவாகும். இக்கருதுகோளிலோ ஒளியின் வேகம் குறைவதே இல்லை. ஆற்றல் குறைந்து அலைநீளம் கூடுகிறது, அவ்வளவுதான். 'தளரொளி' வினைத்தொகை: தளர்ந்த, தளர்கின்ற, தளரும் ஒளி. வழிநெடுக ஆற்றலை இழந்தபடியே வரும் ஒளிக்கு முக்காலமும் வேண்டும். முடிச்சுத் தளர்வதுபோல் அலைமுகடுகள் நெகிழ்ந்து விலகுவதும் அச்சொல்லுக்குள் இருக்கிறது.

தளரொளியைச் செம்பெயர்ச்சிக்கு ('ரெட்ஷிஃப்ட்') மாற்றுச்சொல்லாக எழுதுவது பெரும்பிழை. செம்பெயர்ச்சி கண்டறிந்த உண்மை. தளரொளி அதற்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம். குருப்பெயர்ச்சியில் வரும் அதே 'பெயர்ச்சி'தான் இங்கும்: நிறமாலைக் கோடு நெட்டலைப் பக்கம் இடம்பெயர்கிறது. ஒளி சிவப்பாகிவிடும் என்று பொருளில்லை. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோடு, செம்பெயர்ச்சி 0.5 ஆனால், அதாவது அலைநீளம் ஒன்றரை மடங்கானால், 984.5 நானோமீட்டருக்குப் போய்விடும். அது அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது.

1929-இல் வானியலாளர் ஹபிள் விண்மீன் மண்டலங்களின் தொலைவுக்கும் செம்பெயர்ச்சிக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். அதே ஆண்டு இன்னொரு வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி, வழியிலுள்ள பொருள்களின் ஈர்ப்பு ஒளியின் ஆற்றலைப் பறிக்கலாம் என்றார். அன்றைக்கு அது நியாயமான கேள்வி. பிற்கால அளவீடுகளில்தான் கருதுகோள் விழுந்தது.

தீர்மானமான சோதனை சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு. பிரபஞ்சம் விரிந்தால், 20 நாளில் மங்கும் வெடிப்பு செம்பெயர்ச்சி 0.5-இல் 30 நாள் நீடிப்பதாகத் தெரிய வேண்டும். தளரொளியில் 20 நாள் 20 நாளாகவே இருக்கும். ஆற்றலை இழப்பது நிகழ்ச்சியின் கால அளவை நீட்டாது. ஏறக்குறைய ஒரே மாதிரி மங்கும் 1ஏ வகை சூப்பர்நோவாக்கள், விரிவு சொல்வதுபோலவே நீள்கின்றன. 2024-இல் 1,504 சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த டார்க் எனர்ஜி சர்வே என்ற வானாய்வுத் திட்டமும் அதையே கண்டது.

வழியில் துகள்களோடு மோதித்தான் ஆற்றல் குறைகிறது என்றால் இன்னொரு சிக்கல்: மோதிய ஒளி திசை மாறும், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் கலங்கித் தெரியும். அப்படித் தெரிவதில்லை.

வானியலாளர்கள் ஹால்டன் ஆர்ப்பும் ஜயந்த் நார்லிகரும் செம்பெயர்ச்சிக்குச் சொன்ன மாற்று விளக்கத்தையும் சிலர் இப்பெயரில் சேர்க்கிறார்கள், சேர்க்கக் கூடாது. அதில் துகள்களின் நிறை காலத்தோடு கூடுகிறது. இளம் பொருளில் எலக்ட்ரானின் நிறை குறைவு என்பதால், ஒளி புறப்படும்போதே நெட்டலையாகப் புறப்படுகிறது. வழியில் எதுவும் தளர்வதில்லை.