லீவு இருந்தும் போடாத அமெரிக்கர்கள்

அமெரிக்காவில் பல கம்பெனிகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடுகின்றன. சம்பளச் சீட்டில் பிடித்தங்களுக்கெல்லாம் பக்கத்தில் 3.08 என்று ஓர் எண் இருக்கும். அது டாலர் அல்ல, மணி நேரம். ஆண்டுக்கு 80 மணி நேரம், அதாவது பத்து வேலை நாள் லீவு தருவதாக ஒப்புக்கொண்ட கம்பெனி, அதை 26 சம்பளங்களுக்குப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக வரவு வைக்கிறது. ஜனவரியில் சேர்ந்தவருக்கு ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், மிஞ்சினால் மூன்றரை நாள் தேறும். பல இடங்களில் காய்ச்சலுக்கும் சுற்றுலாவுக்கும் ஒரே கணக்குதான். நடுவில் ஃப்ளூ வந்து இரண்டு நாள் படுத்துவிட்டால் அத்தோடு சரி.

இந்தக் கொஞ்சத்தையாவது முழுசாக எடுக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, சம்பளத்தோடு கூடிய லீவு உள்ளவர்களில் 46 சதவீதம் பேர், கிடைப்பதைவிடக் குறைவாகவே எடுப்பதாகச் சொன்னார்கள். காரணம்? ஒருவரே பல காரணம் சொல்லலாம். ‘இதற்கு மேல் தேவைப்படவில்லை’ என்றவர்கள் 52 சதவீதம். வேலை தேங்கிவிடும் என்று பயந்தவர்கள் 49 சதவீதம். தன் வேலை சக ஊழியர் தலையில் விழுமே என்று சங்கடப்பட்டவர்கள் 43 சதவீதம். லீவு எடுப்பதை மேனேஜர் ஊக்குவிப்பதில்லை, எடுக்க வேண்டாம் என்கிறார் என்றவர்கள் வெறும் 12 சதவீதம்தான்.

அந்த முதல் பதிலை நான் அப்படியே நம்பத் தயாரில்லை. யாருமே போகாத இடத்தில் ‘எனக்கும் வேண்டாம்’ என்று தோன்றுவது இயல்பு. அடுத்த இரண்டு பதில்கள்தான் விஷயத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. லீவைத் தடுப்பது பெரும்பாலும் முதலாளியின் வாய்ச்சொல் அல்ல. நாம் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும் மற்றவர்களின் வேலை.

சமூகவியலாளர்கள் கிறிஸ்டோபல் யங், சேயூன் லிம் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. சனி, ஞாயிறு வந்தால் வேலைக்குப் போகிறவர்களின் மனநிலை மேலே போகும், அது தெரிந்ததுதான். வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு மேலே போனது. அவர்களுக்குத் திங்களும் ஓய்வுதான், ஞாயிறும் ஓய்வுதான். ஆனால் திங்களன்று கூட இருக்க ஆளில்லை. கையில் இருக்கும் நேரத்தின் மதிப்பு, மற்றவர்களுக்கும் அதே நேரம் ஓய்வா என்பதைப் பொறுத்தது. டெலிபோனை ஒருவர் மட்டும் வைத்திருந்து என்ன பயன், அதுபோலத்தான். சுவீடனிலும் இதன் தடயம் கிடைத்தது. ஒரே சமயத்தில் அதிகம் பேர் விடுமுறையில் இருந்த மாதங்களில், மனச்சோர்வு மருந்துகளின் விநியோகம் குறைந்திருந்ததை டெரி ஹார்டிக் குழுவினர் 2013இல் காட்டினார்கள்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் ஓய்வெடுக்க வைக்கத் தனியொருவரால் முடியாது. அதற்குச் சட்டமோ ஒப்பந்தமோ வேண்டும். அமெரிக்கா அந்த இடத்தில்தான் பாதை மாறியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான முதல் உடன்படிக்கையை 1936இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிரான்ஸ் இரண்டு வாரத்தைச் சட்டமாக்கியது. இன்று அங்கே ஐந்து வாரம். 1938இல் அமெரிக்காவில் வந்த நியாயமான தொழில் தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் கூடுதல் நேரத்துக்கான ஒன்றரை மடங்குச் சம்பளத்தையும் தந்தது. விடுமுறை பற்றி மூச்சு விடவில்லை. இன்றும் அந்நாட்டின் மத்தியச் சட்டப்படி, தனியார் நிறுவனம் ஒருநாள்கூட சம்பளத்தோடு லீவு தரவேண்டிய கட்டாயம் இல்லை. கிறிஸ்துமஸ் உட்பட.

ஆக, லீவு என்பது கம்பெனி பார்த்துக் கொடுப்பது. தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்த காலத்தில் பேரம் பேசி வாங்கினார்கள். இப்போது பத்தில் ஒரு தொழிலாளிதான் சங்கத்தில் இருக்கிறார். அதோடு, பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலே ஆளை வேலையை விட்டு அனுப்பலாம்; வேலை போனால் பலருக்கு மருத்துவக் காப்பீடும் போகும். ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்மூர் ஆட்களுக்கு இன்னொரு முடிச்சு: வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலையோ வேறு விசாவோ தேட வேண்டும். ஊருக்கு ஒருமுறை வந்துபோக லீவைச் சேர்த்து வைப்பவர்கள் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமைகூட எடுக்கத் தயங்குவார்கள்.

இதில் இன்னொரு விசித்திரம், ‘எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்’ என்ற எல்லையில்லா லீவு. கேட்க அமர்க்களமாகத்தான் இருக்கிறது. கணக்குப் பிரிவின் பக்கம் போனால் கதை வேறு. ஊழியர் சேர்த்து வைத்த லீவு, கம்பெனி புத்தகத்தில் கடனாக நிற்கும். கலிபோர்னியா சட்டப்படி அது சம்பாதித்த கூலி. காலாவதியாக்க முடியாது, வேலையை விட்டுப் போகும்போது கடைசிச் சம்பள விகிதத்தில் காசாகக் கொடுத்தாக வேண்டும். எல்லையை எடுத்துவிட்டால் பொதுவாகச் சேமிப்பும் இல்லை, கடனும் இல்லை. ஊழியரோ, ‘இது என்னுடைய 15 நாள்’ என்று உரிமையோடு கேட்க இருந்த ஒரே பிடிமானத்தையும் இழக்கிறார். எத்தனை நாள் எடுத்தால் சரி என்று சொல்ல யாருமில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான் முடிவு. பந்தியில் முதல் ஆளாக இலையை மூட யாருக்கு மனசு வரும்? இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் கம்பெனி 2015இல் இந்த முறையைக் கைவிட்டு, 25 நாள் என்று வரம்பு வைத்தது.

உடம்புக்கு இதெல்லாம் எப்படிப் படுகிறது? இதய நோய் அபாயம் அதிகமிருந்த 12,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களை ஒன்பது ஆண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஆண்டுதோறும் விடுமுறை எடுத்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. விடுமுறைதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்கள்தான் அதிகம் பயணம் போகிறார்கள். ஜெசிகா டி ப்ளூம் நெதர்லாந்தில் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. நீண்ட விடுமுறையில் மனநிலை ஏறிக்கொண்டே போய் எட்டாவது நாள் வாக்கில் உச்சம் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. சொட்டுச் சொட்டாகச் சேரும் கணக்கில் எட்டு நாள் தொடர்ந்து எடுக்க எத்தனை பேரால் முடியும்?

ஐரோப்பாவில் ‘எடுக்காதது உன் பாடு’ என்று முதலாளி கைகழுவ முடியாது. ஊழியர் கேட்கவில்லை என்பதற்காகவே லீவு தானாகக் காலாவதியாகாது, எடுக்கும்படி முதலாளி தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் விடுமுறையின்போது நோய்வாய்ப்பட்டால், டாக்டர் சான்றிதழ் காட்டினால் அந்த நாட்கள் விடுமுறைக் கணக்கில் சேராது. லீவு எடுக்காமைக்குப் பெயர்போன ஜப்பான்கூட, 2019 முதல் ஊழியர்களை ஆண்டுக்கு ஐந்து நாளாவது எடுக்க வைக்கும் பொறுப்பை முதலாளி தலையில் வைத்துவிட்டது.

அமெரிக்காவில் மாநிலங்கள் சில மெல்ல அசைகின்றன. இல்லினாய்ஸில் 2024 முதல், எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம் என்று ஆண்டுக்கு 40 மணி நேர லீவு வந்திருக்கிறது. கம்பெனிகளில் சில வேறு வழி பிடித்தன. லிங்க்ட்இன் 2021 ஏப்ரலில் தன் முழுநேர ஊழியர் ஏறக்குறைய அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் லீவு விட்டது. எல்லோரும் ஒன்றாகப் போனால் திரும்பி வரும்போது சக ஊழியர்கள் அனுப்பிய மின்னஞ்சல் குவிந்திருக்காது என்பதுதான் கணக்கு. அலுவலக வேலைக்கு இது சரிப்படும். ஹோட்டலிலும் கடைகளிலும் மணிக்கணக்குக் கூலிக்கு நிற்பவர்களுக்கு இது எட்டாது. சம்பளப் படியில் கீழே இருக்கும் கால்வாசிப் பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் சம்பளத்தோடு விடுமுறை என்பதே இருக்கிறது.