அம்பாசிடருக்குள் தவில்

கும்பகோணத்தில் நான் வழக்கமாகப் போகும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், புது ஸ்பீக்கரை வண்டியில் மாட்டுவதற்கு முன் கையில் பிடித்தபடியே ஓடவிட்டார். தவில் தனி. கூடு போட்ட விரல்கள் வலந்தலையில், அதாவது தவிலின் வலது முகத்தில், விழுவது நன்றாகக் கேட்டது. குச்சி தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் இடது முகத்தில், இறங்கும்போது வர வேண்டிய ‘தொம்’மை மட்டும் காணோம். ஆறு அங்குல ஸ்பீக்கர், நல்ல விலை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“இருங்க சார்” என்றவர், டிவி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, ஒரு பக்கத்தின் நடுவில் வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரை அதில் வைத்து அழுத்திப் பிடித்தார். அதே தவில், அதே வால்யூம். தொப்பி வந்துவிட்டது.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது முன்பக்கக் காற்றை நெருக்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்ந்துபோகிறது. நெருங்கிய காற்றுக்கு ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போக வழி இருந்தால் அது ஏன் நம் காதுக்கு வரப்போகிறது? வரப்பில் உடைப்பு விழுந்த வயல் மாதிரிதான். எவ்வளவு இறைத்தாலும் நீர் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும், மட்டம் ஏறாது. அட்டை இங்கே வரப்பு.

அப்படியானால் வலந்தலை மட்டும் எப்படித் தப்பித்தது? நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. நொடிக்கு 100 முறை அதிரும் கனத்த ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். அந்த ஒலிக்குக் கூம்பு நிதானமாகத்தான் அசைகிறது. சில அங்குலம் சுற்றிப் போய்ச் சமமாகிவிடக் காற்றுக்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது. 3000 முறை அதிரும் ஒலிக்கு அலைநீளம் வெறும் 12 சென்டிமீட்டர். காற்று சுற்றிவருவதற்குள் கூம்பு திசை மாறிவிடும். அதனால் கீச்சு தப்பிக்கும், கனம் செத்துப்போகும்.

என் வண்டி 1984 மாடல் அம்பாசிடர். அதன் மூல வடிவம் 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார். 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை உருவம் பெரிதாக மாறவில்லை. கதவில் ஸ்பீக்கருக்கென்று இடம் கிடையாது. கதவை வெட்டலாமா என்று கேட்டதற்கு எலக்ட்ரீஷியன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பழைய வண்டியின் தகட்டில் ஒருமுறை போட்ட ஓட்டை போட்டதுதான். அப்புறம் அதை ஒரிஜினல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொரு காரணம் மழை. ஜன்னல் கண்ணாடி வழியே வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். கதவு அப்படித்தான் செய்யப்பட்டது. ஐப்பசி அடைமழையில் காகிதக் கூம்பு அங்கே ஒரு வாரம் தாங்குமா? போட்டே ஆகவேண்டும் என்றால் பிளாஸ்டிக் கூம்பு, ரப்பர் ஓரம். நுரை ஓரம் வேண்டாம்; ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும்.

ஆகவே பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையைத் தேர்ந்தெடுத்தோம். இருந்தது ஊறி உப்பிய ஹார்டுபோர்டு. அதே அளவில் 12 மி.மீ. பிளைவுட் வெட்டி, இரண்டு ஸ்பீக்கரையும் அதில் திருகி, ஓரமெல்லாம் ஃபோம் பட்டை ஒட்டினோம். இப்போது டிக்கி முழுவதும் ஸ்பீக்கரின் பெட்டி. சின்னப் பெட்டியில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல் கூம்பை எதிர்க்கும். அம்பாசிடர் டிக்கியின் அளவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பின்சீட்டின் முதுகுப்பக்கத்தில் இருந்த இடைவெளிகளையும் அடைத்தோம். அதுவும் ஒரு உடைப்புதானே.

வயரிங் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. சில வருஷம் முன்பு நானே ஒரு கார் ஸ்டீரியோ செட் வாங்கி மாட்டினேன். பழைய ரேடியோவிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரே வயர்தான் போயிருந்தது. ஸ்பீக்கரின் மறுமுனை பாடியில் எர்த். அப்படியே புதுச் செட்டையும் இணைத்தேன். கால் மணி நேரத்தில் கருகல் வாசனை. தப்பு முழுக்க என்னுடையது.

பழைய செட்டில் ஒரு முனை மட்டுமே ஆடும், மறுமுனை எர்த்தில் சும்மா நிற்கும். வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட், அதில் மேலும் கீழும் ஏழேழு வோல்ட்தான் ஆட முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது ஆறரை வாட்டைத் தாண்டாது. புதுச் செட்டில் இரண்டு முனையும் ஆடுகின்றன, தராசுத் தட்டு போல ஒன்று ஏற மற்றது இறங்கும். வோல்டேஜ் இரட்டிப்பு, அதனால் வாட் நான்கு மடங்கு. ஆனால் இரண்டு முனையிலும் எப்போதும் மின்னழுத்தம் இருக்கிறது. ஒன்றைப் பாடியில் தொட்டால் ஷார்ட்தான்.

நான்கு மடங்கு என்றாலும் கணக்குக்கு 25 வாட். உள்ளே வீணாவது போகச் சுத்தமாகக் கிடைப்பது 18, 20. செட் வந்த அட்டைப்பெட்டியில் மட்டும் 50 என்று அச்சடித்திருக்கும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி நான்கால் வகுத்துப் பாருங்கள், 52 வரும். ஒலியலையின் தலையும் காலும் மொட்டையாகி, முழு வோல்டேஜும் ஸ்பீக்கரில் விழும் நிலையின் கணக்கு அது. அந்த நிலையில் நாதஸ்வரம் கரகரக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டைவிட டெசிபலை, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை, பார்ப்பது நல்லது. மார்கழி விடியலில் வயல் தாண்டிக் கேட்கும் கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 100 டெசிபலுக்கு மேல் தரும். அதில் கனத்த ஒலி கிட்டத்தட்ட வராது என்பது வேறு கதை. கார் ஸ்பீக்கர்களில் 86 டெசிபல் உண்டு, 92-உம் உண்டு. ஆறு டெசிபல் வித்தியாசம் என்றால், 86-இல் அதே சத்தம் வர நான்கு மடங்கு வாட் வேண்டும்.

கடைசியில் எலக்ட்ரீஷியன் ஒரு பேனா பேட்டரியை எடுத்தார். செட்டிலிருந்து வயர்களைக் கழற்றி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கணம் தொட்டார். வலது கூம்பு வெளியே துள்ளியது. இடது உள்ளே போனது. வயரை மாற்றினார், இரண்டும் வெளியே. மாற்றாமல் விட்டிருந்தால் ஒன்று காற்றைத் தள்ள மற்றது இழுத்து, அட்டைப்பெட்டிக்கு முந்தைய கதையேதான், நல்ல பலகையில் மாட்டியும்.

பாபநாசம் வரை ஓட்டிப் பார்த்தேன். தொப்பி கணீரென்று வந்தது, கூடவே பின்னாலிருந்து ஒரு ‘கிர்ர்’. நிறுத்தி, டிக்கி மூடியை விரல் மடக்கித் தட்டினேன்: டங் என்றது. பியூட்டைல் என்ற ரப்பர் பசைப் பட்டையை நடுவில் கால்வாசி இடத்தில் ஒட்டியதும் அதே இடம் ‘தப்’ என்றது. தகட்டின் அதிர்வை அந்தப் பசை சூடாக மாற்றி விழுங்கிவிடுகிறது. கிர்ர் பாதிதான் குறைந்தது. மீதி நம்பர் பிளேட். அதன் பின்னால் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகினேன்.