பிக்கப்பை உசத்துறதுக்கு முன்னாடி அடியில ஒரு தடவை படுத்துப் பாருங்க

என் ஒர்க்ஷாப்புக்கு ஒரு பிக்கப் வந்துச்சு, நாலு வீல் டிரைவ், பாக்கவே ஆசையா இருந்துச்சு. பின்னாடி புது பட்டை (லீஃப் ஸ்பிரிங்), முன்னாடி உயரமான ஸ்ட்ரட், பெரிய டயர், எல்லாமே வண்டிக்காரத் தம்பி தன் வீட்டு ஷெட்ல தானே மாட்டினது, வேலையும் சுத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா கம்ப்ளெயின்ட் என்னன்னா, பிரேக்கை மிதிச்சா மூக்கு குத்துது, முன்னாடி பேட் சீக்கிரமே தேஞ்சு போகுது, லோடு ஏத்துனா வண்டி நிக்க மாட்டேங்குது. ஏற்கனவே ரெண்டு இடத்துல காட்டி பேட் மாத்தி டிஸ்க் மாத்தி காசைக் கரைச்சிட்டுதான் எங்கிட்ட வந்தார்.

அடியில படுத்துப் பாத்தா ரெண்டே நிமிஷம். பின் ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு கம்பி ஓடும், அது ஒரு வால்வுல போய் சேரும், லோடு சென்சிங் வால்வுன்னு சொல்லுவோம். எல்லா பிக்கப்லயும் இருக்காது, வீல் லாக் ஆகாம ஏபிஎஸ்ஸே பாத்துக்குற புது வண்டி பலதுல இது கிடையாது, ஆனா பழைய மாடல் நிறையத்துல உண்டு. லோடு ஏறுனா பின்பக்கம் அமுங்கும்ல, அப்ப அந்தக் கம்பி நகர்ந்து வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டி விடும், காலி வண்டின்னா குறைச்சிடும், இல்லேன்னா காலியா ஓடும்போது பின் வீல் லாக் ஆகி வண்டி சுத்திடும். இவர் வண்டியை உசத்துனதால ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் இடைவெளி கூடிப்போச்சு. வண்டியை உசத்துற இந்த வேலையை லிஃப்ட்னு சொல்லுவோம், வால்வுக்கு அது லிஃப்ட்டா என்னன்னு தெரியுமா, வண்டி எப்பவுமே காலின்னு நினைச்சுக்கிச்சு. பின்னாடி தொட்டி நிறைய சாமான் ஏத்துனாலும் பின் பிரேக் பாதி வேலைதான் பாத்துச்சு, மொத்த பாரத்தையும் முன் பேட் தனியா சுமந்துச்சு. லிஃப்ட்டுக்குத் தகுந்த மாதிரி கம்பியோட பிராக்கெட்டை உசத்தி, பிரஷரை கேஜ் வச்சு பாத்து விட்டோம், தீந்துது.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, வீட்ல மாடிஃபை பண்ணி எங்கிட்ட வர்ற வண்டியில, மாட்டுன சாமான் கெட்டுப்போய் வர்றது ரொம்பக் கம்மி. அதுக்குப் பக்கத்துல இருக்குறதுதான் அடி வாங்கி வரும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஆக்ஸில் உள்ள காத்து போய் வர்ற பிரீதர் டியூப், ஹேண்ட் பிரேக் கேபிள், வீலுக்கு சுத்தைக் கொண்டு போற பிரொப்பல்லர் ஷாஃப்ட்டோட கிராஸ் ஜாயிண்ட், இவங்க யாரும் நீங்க வாங்குன லிஃப்ட் கிட் டப்பாவுக்குள்ள இருக்க மாட்டாங்க. ஹோஸ் வண்டி நிக்கும்போது நீளமாத்தான் தெரியும், பள்ளத்துல ஒரு வீல் தொங்கும்போது பாருங்க, வில்லு நாண் மாதிரி விறைச்சு நிக்கும். அதனால லிஃப்ட் போட்டு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க, சேசிஸுக்கு ஸ்டாண்ட் குடுத்து ஆக்ஸிலை முழுசா தொங்க விட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒடிச்சு, ஒவ்வொரு ஹோஸையும் வயரையும் கையால தொட்டுப் பாருங்க. விரலால தள்ளுனா கொஞ்சமாவது ஆடணும். ஆடலேன்னா நீளமான ஹோஸ் போடுங்க, இழுத்து கட்டாதீங்க.

ஸ்டாண்டுன்னு சொன்னேன்ல, அதைப் பத்தி பேசாம போக முடியாது. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், புடிச்சு வச்சுக்க இல்ல. உள்ள இருக்குறது எண்ணெயும் ஒரு ரப்பர் சீலும், சீல் போச்சுன்னா உங்ககிட்ட சொல்லிட்டு போகாது. சிமெண்ட் கல்லு அதைவிட மோசம், நேத்து வரைக்கும் தாங்குன கல்லு இன்னிக்கு விரிசல் விட்டு ஒரே நொடில பொடியாகும். மண் தரைன்னா ஸ்டாண்டுக்கு அடியில தடிமனான பலகை வைங்க, சைடுல இருந்து வண்டியை நல்லா உலுக்கிப் பாருங்க, விழுறதா இருந்தா நீங்க வெளியில இருக்கும்போதே விழட்டும். கழட்டுன வீலை ஓரமா சாத்தி வைக்காம சேசிஸுக்கு அடியில தள்ளி வைக்குறது பழைய ஆளுங்க பழக்கம், நான் இன்னிக்கும் செய்யுறேன்.

இன்னொன்னு, கியர்ல போட்டுட்டேன் வண்டி நகராதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. பின் வீல்ல ஒண்ணை மட்டும் தூக்குனீங்கன்னா, ரெண்டு வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் வேலையைக் காட்டும், தொங்குற வீல் ஒரு பக்கம் சுத்தும், தரையில இருக்குற வீல் இன்னொரு பக்கம் உருளும், கியர் பாட்டுக்கு கியர்ல இருக்கும், வண்டி பாட்டுக்கு ஸ்டாண்டை விட்டு இறங்கும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாதிரி ஹேண்ட் பிரேக் வீல்ல இல்லாம ஷாஃப்ட்ல இருக்குற வண்டின்னா ஹேண்ட் பிரேக்குக்கும் இதே கதிதான். பின்பக்கம் ரெண்டு வீலையும் தூக்கிட்டா புடிக்க முன் வீல்தான் பாக்கி, ஹேண்ட் பிரேக் அதைப் புடிக்காது. தரையில இருக்குற வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுக்காம அடியில போகாதீங்க.

பட்டை மாத்துறவங்களுக்கு ரெண்டு விஷயம். பட்டையை ஆக்ஸிலோட இறுக்கிப் புடிக்குற யூ போல்ட் ஒரு தடவை முறுக்குனா கொஞ்சம் நீளும், அதைக் கழட்டி திரும்பப் போட்டா அதே புடி கிடைக்காது, புதுசு போடுங்க, முதல் ஐநூறு கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை மறுபடி டார்க் ரெஞ்ச் வச்சு பாருங்க. அப்புறம் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது முழுசா டைட் பண்ணாதீங்க, கைக்கு வச்சு விட்டுட்டு, வீலை இறக்கி வண்டி தன் பாரத்துல உக்காந்ததுக்கு அப்புறம் முறுக்குங்க. இல்லேன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும், நீங்க கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. உயரம் பத்தலன்னு ஆக்ஸில்ல கட்டை மேல கட்டை அடுக்குற ஆளுங்களுக்கு நான் கிட்டயே வர மாட்டேன்.

டயருக்கு வருவோம். 265/65ஆர்17 போட்ட வண்டிக்கு 285/70ஆர்17 மாத்துனா விட்டம் சுமாரா 776 மில்லிமீட்டர்ல இருந்து 831க்குப் போகுது, அதாவது 7 சதவீதம் கூட. ஸ்பீடோ முள்ளு 100 காட்டும்போது நீங்க போறது கிட்டத்தட்ட 107. கியர் எல்லாம் அந்த அளவுக்கு நீண்டுபோகும், ஏத்தத்துல வண்டி திணறும், பிரேக்குக்கும் வேலை கூடும். டயர் எங்கயும் உரசலன்னு கடையில நின்ன இடத்துல பாத்து சொல்லுவாங்க, ஒரு பக்கம் அமுக்கி ஸ்டீயரிங்கை ஒடிச்சுப் பாருங்க, அப்ப தெரியும். ஸ்டெப்னி பழைய இடத்துல உக்காருதான்னும் பாத்துக்குங்க, இதை மறந்துட்டு காட்டுக்குள்ள சின்ன ஸ்டெப்னியோட நின்னவங்க உண்டு.

லைட் பைத்தியம் எனக்கும் உண்டு, அதனால திட்ட மாட்டேன். ஆனா 100 வாட் லைட் ரெண்டு போட்டா 200, 12ஆல வகுங்க, 16 ஆம்பியருக்கு மேல. இதை டேஷ்போர்டு சுவிட்ச் வழியா மெல்லிசு வயர்ல இழுத்தா வயர் சூடாகி உருகும், சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்டை ஆன் பண்ணுற ரிலே போட்டே ஆகணும். ஃபியூஸ் லைட்டைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த, அதனால பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஃபியூஸ் போகுதுன்னு கம்பி சுத்தி வைக்குறவங்ககிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் ஓட்டையில ரப்பர் கிராமெட் (வளையம்) இல்லாம வயர் போனா தகரம் தோலை மெல்ல மெல்ல அறுத்துடும்.

வெல்டிங் மட்டும் வீட்ல வேணாம்னுதான் சொல்லுவேன், அதுலயும் சேசிஸ், டீசல் டேங்க் பக்கம் சுத்தமா வேணாம், காலி டேங்க்ல இருக்குற ஆவிதான் நிறைஞ்ச டேங்கை விட ஆபத்து. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல ஈரம் காயாம வெல்டிங் வச்சா பாஸ்ஜீன் வரும், அது விஷ வாயு.

அந்தத் தம்பி போன மாசம் திரும்ப வந்தார், ஆத்துல இறக்கி ஏத்துனாராம். பின் டிஃபரன்ஷியல் டிரெயின் பிளக்கைத் திறந்தா எண்ணெய் வெள்ளை வெளேர்னு நுரையா வருது. சூடா இருந்த ஹவுசிங் தண்ணிக்குள்ள போனதும் சடார்னு குளிர்ந்து உள்ள காத்து சுருங்கும், பிரீதர் கீழயே இருந்தா அது வழியா தண்ணியைத்தான் உறிஞ்சும். "அண்ணே, ஸ்னார்கெல் போட்டிருக்கேனே"ன்னார். "அது இன்ஜினுக்கு மூக்கு தம்பி, ஆக்ஸில் மூக்கு இன்னும் கீழதான இருக்கு"ன்னேன். ரெண்டு மீட்டர் டியூபும் கிளிப்பும் வாங்கிட்டு வரச் சொல்லி அவரையே மாட்ட வச்சேன், அடியில போறதுக்கு முன்னாடி நான் சொல்லாமலே கட்டை குடுத்தார்.