கடலுக்கு முன்னால் முகம் ஏன் இருள்கிறது?

திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரையில் காலை ஏழு மணிக்குக் குடும்பத்தைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்துப் படம் எடுத்தால், அலை மினுங்கும், வானம் பளிச்சென்று வரும், அம்மம்மாவின் முகம் மட்டும் கரிக்கோடாய் நிற்கும். கமராவில் பிழை இல்லை. திருகோணமலையில் கடல் கிழக்கே; காலைச் சூரியன் அவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.

கமரா வெளிச்சத்தை அளக்கும்போது காட்சியின் சராசரி வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவான சாம்பல் அளவுக்கு வரும்படி கணக்குப் போடுகிறது. மணலும் கடலும் வானமும் படத்தின் பெரும்பகுதியை நிரப்பினால், வெளிச்சம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறைத்துவிடும்; முகமும் சேர்ந்து இருளும். நம் கண் அப்படியல்ல. முகத்தைப் பார்க்கும்போது முகத்துக்கும், கடலைப் பார்க்கும்போது கடலுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. எடுக்கும்போது தெரியாத இருட்டு படத்தில் தெரிவது இதனால்தான்.

போனில் முகத்தின்மேல் விரலை இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் குவியமும் (ஃபோகஸ்) வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளுங்கள். கமரா என்றால் வெளிச்சத் திருத்தத்தை (exposure compensation) +1 ஆக்குங்கள். பதிவாகும் வெளிச்சம் இரட்டிப்பாகும். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு எல்லாரும் தேடுவது முகத்தைத்தான்.

இதைவிட நல்ல வழி நேரத்தை மாற்றுவது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சூரியன் மேற்கே, படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் வந்துவிடும். முகத்திலும் கடலிலும் ஒரே வெளிச்சம் விழும். சரிந்த வெயில் அதிகக் காற்றைக் கடந்து வருவதால் நீலம் சிதறி, தோலில் இளம் மஞ்சள் படியும்.

மதியம் தவிர்க்க வேண்டிய நேரம். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும்; புருவத்தின் நிழலில் கண்கள் குழியாகிவிடும். மர நிழலுக்குப் போனாலும் நடுவில் நிற்காதீர்கள். ஓலை இடுக்குகளால் விழும் வட்டப் புள்ளிகள் ஒவ்வொன்றும் சூரியனின் சிறு பிம்பம். அவை முகத்தில் தேமலாய்த் தெரியும். அடர்ந்த நிழலின் விளிம்பில், வெளியைப் பார்த்து நின்றால், வெயில் பட்ட மணலே கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பிக் கண்குழியை நிரப்பும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தட்டையான கரையில் நின்று எடுத்தால், அடிவானக் கோடு எப்போதும் கமராவின் உயரத்திலேயே ஓடும்; ஆட்கள் அருகில் நின்றாலும் தள்ளி நின்றாலும் இது மாறாது. கமராவைக் கழுத்து உயரத்தில் பிடித்தால் உங்கள் உயரமுள்ளவர்களின் கழுத்தைக் கோடு அறுக்கும். நெஞ்சளவுக்கு இறக்கினால் தலைகள் வானத்தில் தெளிவாக நிற்கும். பிள்ளைகளை எடுக்க முழங்காலிட்டு, அவர்களுடைய நெஞ்சளவுக்கு வாருங்கள்.

படம் முழுக்கப் பால் படிந்ததுபோல் வந்தால் வில்லையை (லென்ஸை) பாருங்கள். உப்புத் திவலையும் விரல் எண்ணெயும் ஒளியைச் சிதறடிக்கின்றன. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும். முதலில் மணலை ஊதி அகற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். ஏசி வாகனத்திலிருந்து இறங்கியதும் வில்லையில் படியும் ஆவியைத் துடைக்க வேண்டாம். போன் வெளிச்சூட்டுக்கு வர, பத்து நிமிடம் பொறுங்கள்.