மூட்டுவாதம் குணமாகாது என்பதற்காக மெடிகேர் தெரபியை நிறுத்தக் கூடாது

அமெரிக்காவில் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருக்கும் பெற்றோருக்கு மூட்டுவாதம் இருந்தால், பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில் என்றாவது ஒருநாள் இப்படிச் சொல்லக்கூடும்: "இதற்கு மேல் முன்னேற்றம் தெரியவில்லை, மெடிகேர் இனிப் பணம் தராது." அதைக் கேட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். விதிப்படி அது மட்டும் போதுமான காரணம் அல்ல.

இப்படி மறுப்பதை எதிர்த்து அரசின் மீது தொடுத்த ஜிம்மோ வழக்கில் ஏற்பட்ட சமரசத்தை வெர்மான்ட் கூட்டாட்சி நீதிமன்றம் 2013 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. அதன்படி, நோயாளி தேறுவாரா என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இருக்கிற நிலையைக் காப்பாற்றவோ, மோசமாவதைத் தள்ளிப்போடவோ பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டின் திறமை தேவையா என்றுதான் பார்க்க வேண்டும். மூட்டுவாதக்காரர்களுக்கு இதைவிட முக்கியமான விதி இல்லை என்பேன். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி ஆகாது. ஆனால் தொடைத் தசையில் வலு இருக்கும்வரை நாற்காலியை விட்டுத் தானாக எழுந்திருக்கலாம்.

ஒரு நுணுக்கம் உண்டு. தனியாகவே செய்துகொள்ளக்கூடிய பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு மெடிகேர் பணம் தராது. பயிற்சித் திட்டத்தை வகுப்பது, வீட்டாருக்குச் சொல்லித்தருவது, அவ்வப்போது சோதித்து மாற்றியமைப்பது இவற்றுக்குக் கிடைக்கும். இதயநோயோ எலும்புப் பலவீனமோ சேர்ந்து, தனியாகச் செய்வது ஆபத்து என்றால், தெரபிஸ்ட்டே உடனிருந்து செய்விப்பதற்கும் கிடைக்கும். ஆகவே தன் திறமை ஏன் தேவை என்பதைத் தெரபிஸ்ட் ஒவ்வொரு குறிப்பிலும் எழுத வேண்டும். கேட்டு எழுத வையுங்கள்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் இதே விதிதான். பலர் இதைக் கேட்பதே இல்லை, பாவம். பெருவிரல் அடிமூட்டு வலிக்கு ஸ்பிளிண்ட் (மூட்டைத் தாங்கும் பட்டை) பொருத்துவது, பாட்டில் மூடியை விரல்நுனியால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்தித் திறக்கப் பழக்குவது எல்லாம் அவர்கள் வேலை. குளியலறைக் கைப்பிடிக் கம்பி மட்டும் நம் செலவு.

மெடிகேரில் வெளிநோயாளி சிகிச்சைக்கான பகுதி பார்ட் பி. அதில் வருடாந்திர டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) கட்டியபின் 20 சதவீதம் நம் பங்கு. தெரபிக்கு மெடிகேர் தரும் தொகைக்கு இருந்த வருட உச்சவரம்பு 2018-இல் நீங்கியது. வருடச் செலவு ஒரு குறிப்பிட்ட தொகையை (2025-இல் அது 2,410 டாலர்) தாண்டினால், சிகிச்சை அவசியம் என்று தெரபிஸ்ட் பில்லில் உறுதிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தொகை ஆக்குபேஷனல் தெரபிக்குத் தனிக்கணக்கு.

மெடிகேர் மறுத்தால், நோட்டீஸ் கிடைத்த 120 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளானுக்கும் இதே உரிமை உண்டு. முன் அனுமதியும் அப்பீல் கெடுவும் மட்டும் வேறு.