கொம்புச்சா பாட்டிலில் ‘ஆல்கஹால் இல்லை’ என்று அச்சடிக்கும் முன்

மிதக்கும் கண்ணாடிக் குழாயான ஆல்கஹால் மீட்டரைக் கொம்புச்சாவில் (சர்க்கரை போட்டு நொதிக்கவைத்த தேநீரில்) மிதக்கவிட்டு, “பூஜ்யம்தான் காட்டுது, அதையே ரிப்போர்ட்டில் போட்டுக் கொடுங்க” என்று கேட்பவர்கள் குறையவே இல்லை. தயவுசெய்து அந்தக் குழாயை ஓரமாக வையுங்கள். தண்ணீரும் ஆல்கஹாலும் மட்டுமே கலந்த திரவத்துக்காகச் செய்த கருவி அது. காய்ச்சி வடித்த பிறகுதான் அதன் பேச்சு எடுபடும். அது அளப்பது அடர்த்தியை. ஒரு சதவீத ஆல்கஹால் அடர்த்தியைச் சுமார் 0.0015 குறைக்கும், 100 மில்லியில் ஒரு கிராம் சர்க்கரையோ 0.0038 கூட்டிவிடும். கொம்புச்சாவில் நாலு கிராம் சர்க்கரை மிச்சமிருந்தால், ஒன்றரை சதவீத ஆல்கஹால் இருந்தாலும் மீட்டர் வாய் திறக்காது. வாசனை இல்லை, போதை இல்லை என்பதும் சான்றாகாது. கனஅளவில் 0.5 சதவீதத்தைத் தாண்டினாலே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைப்படி அது மதுபானம்.

திரவத்தில் கலந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் எத்தனால், அதாவது பானத்தில் இருக்கும் ஆல்கஹால், தனியாகப் பிரிந்து வரும். பிரிக்கும் குழாய் (column) ஹைட்ரஜன் வடிவக் கேட்டயான் வகை; அதன் வழியே 5 மில்லிமோலார் கந்தக அமிலம் நிமிடத்துக்கு 0.6 மில்லி வீதம், 60 டிகிரியில் ஓட வேண்டும். சர்க்கரை, கிளிசரால், அசிட்டிக் அமிலம் எல்லாம் போன பின், 20 நிமிடத்தை ஒட்டி எத்தனால் வரும். புற ஊதா ஒளியால் பார்க்கும் யூ.வி. டிடெக்டருக்கு அது தெரியாது; ஒளிவிலகல் டிடெக்டர் வேண்டும்.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று: ஊசி துளைத்த வையலை (சாம்பிள் குப்பியை) மறுநாள் மறுபடி ஓட்டாதீர்கள், மூடியிலுள்ள ரப்பர் செப்டத்தின் ஓட்டை வழியாக ஆல்கஹால் ஆவியாகிவிடும். அலகையும் பாருங்கள். 100 மில்லியில் 0.40 கிராம் என்றால் ‘அரைக்குள்தானே’ என்று விடக்கூடாது, ஆல்கஹாலின் அடர்த்தியான 0.789ஆல் வகுத்தால் கனஅளவில் 0.507 சதவீதம். சாம்பிள் தோல்வி.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது பாட்டிலைப் பாதியாக ஊற்றி, வெயிலில் பஸ் பார்சலில் போடாதீர்கள். சீல் உடைக்காத பாட்டில், ஐஸ் பெட்டி, நிரப்பிய தேதியும் நேரமும் எழுதிய சீட்டு. வந்தவுடன் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 0.2 மைக்ரான் ஃபில்டரில் ஈஸ்டை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் காத்திருக்கும் வையலிலேயே நொதித்தல் தொடரும்.

கடையில் நடப்பதும் அதுதான். திறந்த ஜாடியில் ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹாலை அசிட்டிக் பாக்டீரியா அமிலமாக்கும், அதற்குக் காற்று வேண்டும். மூடி போட்டதும் அது நின்றுவிடும், ஈஸ்ட் நிற்காது. 100 மில்லியில் மிச்சமிருக்கும் ஒரு கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் ஆல்கஹால் சுமார் 0.65 சதவீதம் ஏறும். ஆகவே நிரப்பிய அன்றைய பாட்டிலை மட்டும் சோதித்துவிட்டு லேபிள் அடிக்காதீர்கள். அதே பேட்சில் ஒன்றைக் குளிர்பதனத்திலும், ஒன்றை வெளியிலும் காலாவதித் தேதிவரை வைத்து, அந்த இரண்டையும் அனுப்புங்கள்.