பழைய லேப்டாப்பில் புது கேம்: காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

“ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ். புது கேம் ஓடுமா?” சர்வீஸுக்கு வரும் லேப்டாப்போடு கூடவே வரும் கேள்வி இது. இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பதில் சொல்ல முடியாது. 2015-இல் வந்த ஐ5-5200யு-வும் ஐ5தான், 2017-இல் வந்த ஐ5-8250யு-வும் ஐ5தான். முன்னதில் 2 கோர், பின்னதில் 4. அந்த ‘4 ஜிபி கிராபிக்ஸ்’ பல மெஷின்களில் தனி கார்டே கிடையாது. பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ், தேவைப்பட்டால் ரேமிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் காட்டும் கணக்கு அது. 8 ஜிபியில் பாதி, சுமார் 4. இதையே சொல்லி செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.

சரியான விவரம் டாஸ்க் மேனேஜரில் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். ஜிபியு 0 (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்) மட்டும் இருந்து அதில் இன்டெல் பெயர் வந்தால், தனி கார்டு இல்லை. ஜிபியு 1 என்று என்விடியாவோ ஏஎம்டியோ தெரிந்தால், ‘டெடிகேட்டட் ஜிபியு மெமரி’ வரியில் உள்ள எண்தான் நிஜமான கிராபிக்ஸ் மெமரி. 2018 வாக்கில் விற்ற, என்விடியா எம்எக்ஸ்150 கார்டு உள்ள லேப்டாப்களில் அது பெரும்பாலும் 2 ஜிபி. அப்படியே மெமரி பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’, அதாவது ரேம் செருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

சில கேம்களை எந்த செட்டிங்கைக் குறைத்தும் பழைய சிப்பில் ஒழுங்காக ஓட்ட முடியாது. வேகம் போதாதது காரணமல்ல, சிப்பில் அந்த வசதியே இல்லை. 2023-இல் வந்த ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் என்ற, காட்சியின் வடிவங்களைச் சிப்பிலேயே உருவாக்கும் புது வசதியை நம்பி எழுதப்பட்டது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுகளில் அது கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) செய்யும் கார்டே வேண்டும். சைபர்பங்க் 2077, 2.0 அப்டேட்டுக்குப் பிறகு குறைந்தபட்சமாகக் கேட்பது ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு). “கார்டை மட்டும் மாத்திக் குடுங்க” என்றால் வழியில்லை. மிகச் சில மாடல்களைத் தவிர, லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது.

ஓடக்கூடியவையும் நிறைய உண்டு. ஜிடிஏ 5-இல் 2015-இன் பழைய பதிப்பு ‘லெகசி’ என்ற பெயரில் இருக்கிறது. 2025-இல் வந்த ‘என்ஹான்ஸ்டு’ பதிப்பை விட்டுவிட்டு அதைப் போடுங்கள். எம்எக்ஸ்150-இல் நன்றாகவே ஓடும். தனி கார்டு இல்லாமல் வெறும் இன்டெல் யுஎச்டி 620 கிராபிக்ஸில் ரெசல்யூஷன் 720பி, எல்லாம் லோ என்று வைத்தால் நொடிக்கு 30 ஃபிரேமை ஒட்டி வரும். வாலரன்ட் இதைவிடப் பழைய கிராபிக்ஸிலும் ஓடும். ஆனால் விண்டோஸ் 11-இல் அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வான் 9001 எரர். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்) போய் உடனே மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில் இருந்தால், செக்யூர் பூட்டுக்காக பயாஸை யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றியதும் பூட்டே ஆகாது. முதலில் விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் அதே டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் ரெக்கவரி கீயை எழுதி வைத்த பிறகுதான் பயாஸ் பக்கம் போக வேண்டும்.

செலவு என்றால் முதலில் ரேம். இன்டெல் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லாததால், ரேமின் வேகம்தான் அதன் வேகம். டிடிஆர்4-2400 வகை ரேம் ஒரே ஸ்டிக் நொடிக்கு 19.2 ஜிபி தரும். இரண்டு போட்டால் 38.4. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ வரியில் ‘1 ஆஃப் 2’ என்று காட்டிய மெஷினில் அதே அளவு, அதே வேகத்தில் இன்னொரு ஸ்டிக் போடுவதுபோல் பலன் தரும் செலவு வேறில்லை. 2015, 2016 மாடல்களில் சிலது டிடிஆர்3எல், சிலது டிடிஆர்4. இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது, பழைய ஸ்டிக்கின் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது எஸ்எஸ்டி. இது ஃபிரேமைக் கூட்டாது. லோடிங் நேரத்தையும், நடுவில் திக்கித் திக்கி நிற்பதையும் குறைக்கும். எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தாலும் சில மாடல்களில் அது சாட்டா வகையை மட்டுமே எடுக்கும், என்விஎம்இ வகையைப் போட்டால் கண்டுகொள்ளாது.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு வேகம் பாதியாக விழுந்தால் அது பெரும்பாலும் சூடு. சூட்டின் அளவைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைப் பின்னால் ஓடவிட்டு விளையாடுங்கள். பிராசஸர் 95 டிகிரியைத் தாண்டி, ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) எதிரே ‘யெஸ்’ வந்தால் உறுதி. தூசி ஃபேன் இறக்கையில் அதிகம் இருக்காது. ஃபேனுக்கும், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும், அதை வெளியிலிருந்து ஊதி எடுக்க முடியாது. பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டுப் புது பேட்டரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஃபேனைத் தனியாக எடுத்துச் சுத்தம் செய்யும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ப்ளோயர் காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். ஹீட் சிங்கில் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும், திரும்பப் பூட்டும்போது அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பூட்டும் முன், சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அரிசியளவு புதுப் பேஸ்ட் போதும். மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடுக்குப் பதிலாகப் பேஸ்ட் தடவாதீர்கள். அங்கே இடைவெளி இருக்கும், பேஸ்ட் எட்டாது.

சூடே இல்லாமல் மெதுவாக ஓடினால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். 65 வாட் தேவைப்படும் மெஷினுக்கு 45 வாட் சார்ஜரோ, மெஷின் அடையாளம் காணாத டூப்ளிகேட்டோ போட்டால், சில மாடல்களில் பிராசஸர் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்றுவிடும். தனி கார்டு இருந்தும் கேம் இன்டெலிலேயே ஓடுகிறதா என்றும் பாருங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், அந்த கேமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுத்தால் சரியாகும்.

கேம் பூஸ்டர் சாஃப்ட்வேர்களால் ஒரு பயனும் இல்லை. கிராக் செய்த கேமோடு, உங்கள் மெஷினில் ரகசியமாகக் கிரிப்டோ காசு எடுக்கும் ‘மைனர்’ புரோகிராம் உள்ளே வருவது வழக்கம். ஒன்றும் திறக்காதபோதே ஃபேன் கத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கினால் அதுதான். செத்த கிராபிக்ஸ் சிப்பை ஹாட் ஏர் அடித்து எழுப்புவதற்கும் காசு கொடுக்காதீர்கள். கொஞ்ச நாளில் அதே கோளாறு திரும்பி வரும்.

கடைசியாக, 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறங்கினால் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போகும். அதோடு ஃபிரேமை 30-இல் கட்டிப்போடுங்கள். 50-க்கும் 20-க்கும் ஏறி இறங்குவதைவிட அது விளையாடச் சுகம், ஃபேன் சத்தமும் தணியும்.